கம்பிமேல் விரித்த வாழை இலை

என் வீட்டுக்காரருக்கு மூளை உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதற்கு லீவு விட்டுவிடுவார்.

மகள் கவிப்ரியாவின் பிறந்தநாளுக்கு மொட்டைமாடியில் பார்பிக்யூ வேண்டுமாம். கரோல் பாக்கில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் சேத்திஜி, கீழ்த்தளத்தில் இருப்பவர். தன் அடுப்பைத் தர முதலில் தயங்கினார். அப்புறம் அவரே தூக்கிவந்து மாடியில் வைத்துவிட்டு, "ஜாலி கோ உல்டா மத் கர்னா" என்றார். கம்பித்தட்டைத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள் என்று ஒன்றுக்கு இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். ஏதோ பஞ்சாபி சாஸ்திரம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

நாங்கள் திருநெல்வேலிச் சைவர்கள். அந்தக் கம்பியில் சேத்திஜியின் கோழிகள் எத்தனையோ புரண்டிருக்கும். தட்டைத் திருப்பாமல் மேல்பக்கத்தைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினேன், எனக்கு அது போதும். அத்தானுக்கு மனசு ஒப்பவில்லை. பனீரை ஊறவைக்க நான் கீழே இறங்கிய நேரம் பார்த்து, தணல்மேல் இருந்த கம்பியில் ஒரு வாழை இலையை விரித்துவிட்டார். டெல்லி குளிரில் அசல் இலைக்கு எங்கே போவது? என் தங்கை வளைகாப்பில் மிஞ்சிய கட்டிலிருந்து எடுத்தது. நடு நரம்பெல்லாம் அச்சு அசலாக இருக்கும். உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக்.

நாற்றம் எங்கள் சமையலறை வரை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், கம்பியெல்லாம் பச்சைக் கூழ்.

"அத்தான், சோறு போடுத பிளாஸ்டிக் இலையை யாராவது தணல்ல வைப்பாவளா?"

"சுபா, வாழை இலைன்னுதான் கட்டுமேல எழுதியிருந்தது. கறி பட்ட கம்பிலா, அதான்..."

"இன்னும் கொஞ்சம் கரி போட்டா எரிஞ்சு போயிரும்" என்று வேறு சொன்னார்.

"அந்தப் புகையைக் குடிச்சுட்டு யாரு கேக் வெட்டுதது?"

கம்பி போனால் போகட்டும், வேறு வாங்கிக் கொடுத்துவிடலாம். "இலை எதற்குப் போட்டீர்கள்?" என்று சேத்திஜி கேட்டால் என்ன சொல்வது? எனக்கு டெங்கு வந்து கிடந்தபோது வேளாவேளைக்குக் கிச்சடி கொண்டுவந்து கொடுத்த மனுஷன். அவர் கை கிச்சடி இனித்தது, கம்பி மட்டும் தீட்டாகிவிட்டதா? எனக்கு அவமானமாக இருந்தது. அவரும் மனைவியும் விருந்துக்கு வருவதற்குள் பச்சையின் சுவடே தெரியக் கூடாது.

சூடாக இருக்கும்போதே சுரண்டப் போய், அது இடியாப்பமாக நீண்டு அகப்பையில் ஒட்டிக்கொண்டது. சரி, சூட்டில் இளகுவது குளிரில் இறுகத்தானே வேண்டும்? கம்பியை ஆறவைத்து, ஜூஸுக்கு வாங்கிய ஐஸ் மூட்டையை அதன்மேல் கவிழ்த்தேன். கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் முறுக்கு மாதிரி மொறுமொறுத்துவிட்டது. மர அகப்பையின் விளிம்பால் தட்டத் தட்டச் சில்லுச் சில்லாகத் தெறித்தது. விரல்தான் விறைத்துப்போனது.

மேல்பக்கம் பாதி முடிந்திருக்கும். படியில் செருப்புச் சத்தம். சேத்திஜி தம்பதி, சொன்ன நேரத்துக்கு முன்பே.

"அரே, யே க்யா ஹுவா?" என்னாயிற்று என்று கேட்டார் சேத்திஜி.

அத்தான் என்னைப் பார்த்தார். நான் ஐஸைப் பார்த்தேன். கவிப்ரியா இருக்கிறாளே, தமிழில் ஒரு வாக்கியம் கோர்வையாக வராது. "உங்க சிக்கன் பட்ட கம்பி இல்லையா, அதான் அப்பா இலை போட்டார்" என்பதை மட்டும் தேன் போன்ற இந்தியில் போட்டு உடைத்துவிட்டாள்.

பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். ஆனால் மொட்டைமாடியில் அதற்கும் வழியில்லை.

சேத்திஜி முகம் சிவந்தது. அருகில் வந்து, குனிந்து, கம்பித்தட்டை உல்டாவாக்கினார். அடிப்பக்கத்தில் கம்பியோடு கம்பியாக உருகிக் கிடந்தது ஒரு நீலப் பிளாஸ்டிக் தட்டு. ஓரத்துப் பூ வேலை மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது.

"என் தட்டு!" என்று அலறினார் அவர் மனைவி. "ஹோலியிலிருந்து தேடுகிறேன்!"

"அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, நீதான் கறி தொடமாட்டாயே" என்றார் சேத்திஜி பரிதாபமாக. "கோழி பட்ட கம்பியில் உன் பனீரை எப்படி வைப்பது? தட்டோடு வைத்தேன்."

முதலில் சிரித்தது அந்த அம்மாள்தான். பிறகு யார் சிரிப்பு எது என்றே தெரியவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதில் பாதி சிரிப்பு, பாதி நிம்மதி.

சேத்திஜி ஸ்வெட்டர் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். அத்தான் ஐஸை நீட்டினார். நீலத்தை இவர் தட்ட, பச்சையை அவர் தட்ட, விருந்துக்கு வந்த குழந்தைகள் சில்லுகளைப் பொறுக்கிக் குப்பைக் கூடையில் போட்டார்கள். சோப்புப் போட்டுக் கழுவி, வெறும் கம்பியைத் தணலில் நன்றாகக் காயவிட்டோம். நாற்றம் சுத்தமாகப் போன பிறகுதான் பனீரை எடுக்கவிட்டேன்.

முதல் துண்டை அத்தானே எடுத்தார். எதையும் விரிக்காமல், வெறும் கம்பிமேல் வைத்தார். வெந்ததும் பாதியைச் சேத்திஜிக்குக் கொடுத்துவிட்டு, மீதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.