ஏழாம் இலக்கத் தண்ணீர்

நெடுந்தீவில் அந்தப் பள்ளிக்கூடம் தொடங்கி இரண்டரை வருடம்கூட ஆகவில்லை. சமாதானம் வந்து படகுகள் ஒழுங்காக ஓடத் தொடங்கிய 2002இல், ஊர்ப் பெற்றோரும் வெளிநாட்டிலிருந்த தீவார் சங்கமும் சேர்ந்து ஓர் உடன்படிக்கை எழுதி அதைத் திறந்தார்கள். பாடப் புத்தகங்கள் அரசாங்கத்தினுடையவை. எப்படிப் படிப்பிப்பது என்பது பள்ளிக்கூடத்தின் விருப்பம். ஆனால் உடன்படிக்கையில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. பிள்ளைகள் செயற்றிட்டங்கள் செய்து படிக்க வேண்டும். அதிபர் இல்லாத நாளிலும் பள்ளிக்கூடம் குழம்பாமல் நடப்பதற்கு எழுத்தில் ஒரு தலைமைத்துவத் திட்டம் இருக்க வேண்டும். இரண்டையும் நேரில் பார்த்த பிறகுதான் சங்கம் உடன்படிக்கையைப் புதுப்பிக்கும்.

அதிபர் இராசேஸ்வரி அந்தத் திட்டத்தை மூன்று தரம் திருத்தி எழுதி, தட்டச்சுச் செய்வித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் காரியாலயச் சுவரில் மாட்டியிருந்தார். 'அதிபர் இல்லாத வேளையில் பொறுப்பேற்பவர்' என்ற தலைப்பின் கீழே நான்கு வரிகள். முதல் வரியில் உப அதிபர், இரண்டாவதில் தமிழ் ஆசிரியர், மூன்றாவதில் ஆங்கில ஆசிரியர், நான்காவதில் ஜசிந்தா. அவளுக்கு இருபத்துமூன்று வயது. விஞ்ஞானம் படிப்பிக்க வந்து ஏழு மாதம். அவளுடைய பெயர் அங்கே ஏறியதற்கு ஒரே காரணம், அவளோடு ஆசிரியர்கள் முடிந்துவிட்டார்கள் என்பதுதான்.

2004 புரட்டாதியில் சங்கத்திலிருந்து பார்வையிட வருகிறோம் என்று கடிதம் வந்தது. அவர்கள் வரும் நாளுக்கு முதல் நாள் யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமைத்துவப் பயிற்சி. "சேட்டிபிக்கற்றையும் கையோட காட்டலாம்" என்று சொல்லி அதிபர் மற்ற மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போனார். அடுத்த நாள் காலைப் படகில் வந்துவிடுவதாக ஏற்பாடு.

அன்று காலை எட்டரைக்குக் காரியாலய வாசலில் வந்து நின்றது அதிபர் அல்ல, மீன்பிடிக்கிற குருசுமுத்து. அவருடைய மகள் யூலியானா எட்டாம் வகுப்பில் படித்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து நனைந்த துண்டுக் கடதாசி ஒன்றை எடுத்து நீட்டினார்.

'படகு எஞ்சின் பழுது. குறிகட்டுவான் துறையில் நிற்கிறோம். பதற வேண்டாம். திட்டத்தின்படி செய்க.'

ஜசிந்தா அதை இரண்டு தரம் வாசித்தாள். "நாலு பேரும் அங்கயோ?"

"ஓம் ரீச்சர். என்ர வள்ளத்தில ஏறுங்கோ எண்டு கேட்டனான். சின்ன வள்ளத்தில ஏறினால் தலை சுத்துமாம் எண்டு அதிபர் ஏலாதெண்டிட்டா. அவவை விட்டிட்டு வர மற்ற மூண்டு பேருக்கும் பயம்."

"அப்ப பாக்க வாறவையும் அங்கதானே நிப்பினம்?" ஜசிந்தாவுக்கு ஒரு கணம் மூச்சு வந்தது.

"அவையள் வேற வள்ளம் பிடிச்சு வந்திட்டினம். அங்க, வாசலில."

வாசலில் உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து இரண்டு பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். முதலில் சங்கத் தலைவர் தம்பிஐயா. பதினேழு வயதில் மாத்தளையில் மாமனின் கடைக்குப் போய், பிறகு கனடாவுக்குப் போனவர். அறுபத்தாறு வயது, பட்டு வேட்டி, சிவந்த முகம், ஓயாத வாய். அவருக்குப் பின்னால் நாகபூசணி, இளைப்பாறிய கல்வி அதிகாரி. ஒரு கோப்பைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டார்.

"அதிபர் எங்க?" என்றார் நாகபூசணி.

"இண்டைக்கு நான்தான், மடம்" என்றாள் ஜசிந்தா. சொன்ன பிறகுதான் தன் குரல் கீச்சென்று வந்தது அவளுக்குக் கேட்டது.

நாகபூசணி சுவரிலிருந்த திட்டத்தின் நாலாம் வரியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கோப்பில் ஏதோ எழுதினார்.

எட்டாம் வகுப்பின் செயற்றிட்டம் 'எங்கள் தீவின் கிணறுகள்'. பதினொரு பிள்ளைகள் ஒரு தவணை முழுவதும் கயிறும் கல்லும் கொண்டு கிணறு கிணறாக ஆழம் அளந்திருந்தார்கள். நெடுந்தீவில் பெரும்பாலான கிணறுகள் உவர். நல்ல தண்ணீர் எந்தக் கிணற்றில் என்பதில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு வீறாப்பு. அதனால் கடைசிக் கட்டமாக, எந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் குடித்துப் புள்ளி போடும் சோதனை ஒன்றைப் பிள்ளைகள் வைத்திருந்தார்கள். மண்டபத்து மேசையில் ஒன்று முதல் ஒன்பது வரை இலக்கம் ஒட்டிய ஒன்பது கண்ணாடிக் கூசாக்களில் வடித்துக் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர். எந்த இலக்கம் எந்தக் கிணறு என்பது யூலியானாவின் கொப்பியில் மட்டும் இருந்தது. செய்தி கேட்டு வந்த பெற்றோர்கள் யன்னல்களில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். எல்லோருக்கும் தங்கள் தங்கள் கிணற்றின் மானம் போய்விடுமோ என்ற பதற்றம்.

"குடிச்சு முடியுமட்டும் ஒருத்தரும் கதைக்கக் கூடாது. யன்னல்ல நிக்கிறவையும்தான்" என்றாள் யூலியானா. அவளுடைய தகப்பன் குருசுமுத்து உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஒரு மிடறு போதும், ஐயா" என்றான் தண்ணீர் ஊற்றிக்கொடுத்த தனுஜன்.

தம்பிஐயா மிடறு பார்க்கிற ஆள் இல்லை. முதல் கிளாசை அண்ணாந்து முழுதாகக் குடித்தார். இரண்டாவதையும் குடித்தார். மூன்றாவது வாய்க்குள் போனதும் முகம் கோணியது. "ஆரடாப்பா கடலை மொண்டுகொண்டு வந்தது? இது மாடும் குடியாது" என்று சொல்லிப் பூச்சியம் போட்டார். நாலு, ஐந்து, ஆறு. ஏழாவது கிளாசைக் குடித்ததும் அப்படியே நின்றார். கண் கலங்கிவிட்டது.

"இதுதான்! இது எங்கட வளவுக் கிணத்துத் தண்ணி! நாப்பத்தொன்பது வருசம் போயிட்டுது, ஆனால் இந்த ருசி நாக்கில இருக்கு!" பத்துக்குப் பத்துப் புள்ளி போட்டு, மேலும் இரண்டு கிளாஸ் வாங்கிக் குடித்தார். யன்னலில் நின்ற சிலரும் கண்ணைத் துடைத்தார்கள். ஒன்பதாம் இலக்கத்தோடு அவர் குடித்தது பதினொரு கிளாஸ். குடித்து முடித்ததும் அவசரமாகத் தனுஜனின் காதில் ஏதோ கேட்டார். தனுஜன் முற்றத்து மூலையைக் காட்டினான். பள்ளிக்கூடத்தில் ஒரேயொரு கக்கூஸ்தான். தலைவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினார்.

அந்த இடைவெளியில் யூலியானா ஜசிந்தாவைக் கதவுக்குப் பின்னால் இழுத்தாள்.

"ரீச்சர், ஏழாம் இலக்கம் கிணறில்லை."

"அப்ப?"

"ஒப்பிட்டுப் பாக்க வெளித்தண்ணி ஒண்டு வேணுமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். மழைத்தண்ணித் தொட்டி வத்திப்போச்சு. அதால இண்டைக்குக் காலமை தனுஜன் தலைவர் ஐயாவைக் கொண்டந்த உழவு இயந்திர றைவரிட்டக் கேட்டு..." அவள் யன்னல் பக்கம் பார்த்தாள். "அது தலைவர் ஐயா கொழும்பில இருந்து கொண்டந்த போத்தல் தண்ணி."

ஜசிந்தா கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினாள். "அப்ப அவற்ற கிணறு?"

"மூண்டாம் இலக்கம்."

மாடும் குடியாது. பூச்சியம். ஜசிந்தா காரியாலயச் சுவரில் தொங்கிய திட்டத்தை நினைத்துப் பார்த்தாள். பொறுப்பு யாரிடம் என்று அதில் அழகாக எழுதியிருந்தது. பொறுப்பு வந்து சேர்ந்தால் என்ன செய்வது என்று ஒரு சொல்லும் இல்லை. இலக்கத்தை மாற்றி வாசிக்கச் சொன்னால் தலைவர் சந்தோசமாகப் போவார், உடன்படிக்கையும் பிழைக்கும். யூலியானாவும் அதைத்தான் எதிர்பார்க்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பிள்ளை கொப்பியை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது.

"கொப்பியில என்ன எழுதியிருக்கு?"

"உள்ளது, ரீச்சர்."

"அப்ப உள்ளதை வாசியும்."

தலைவர் திரும்பி வந்து கதிரையில் அமர்ந்தார். யூலியானா எழுந்து நின்று, ஒன்றாம் இலக்கத்திலிருந்து தெளிவாக வாசித்தாள். மூன்றாம் இலக்கத்தில் அவளுடைய குரல் கொஞ்சம் தாழ்ந்தது, ஆனால் நிற்கவில்லை. ஏழாம் இலக்கத்தை வாசித்து முடித்ததும் யன்னல்களில் இருந்த தலைகள் எல்லாம் தலைவர் பக்கம் திரும்பின.

தம்பிஐயாவின் முகம் சிவப்பிலிருந்து கத்தரிப்பூ நிறத்துக்குப் போனது. "என்ன? என்ர போத்தலோ?"

அப்போது ஒரு விசித்திரமான சத்தம் எழுந்தது. விக்கல் போல, கதவு கீச்சிடுவது போல. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாகபூசணி கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். கோப்பு குலுங்கியது. அடக்கப் பார்த்து ஏலாமல் அவர் வெடித்துச் சிரித்தார். "நாப்பத்தொன்பது வருச ருசி!" என்று சொல்லித் திரும்பவும் சிரித்தார். யன்னல்கள் எல்லாம் சிரித்தன. குருசுமுத்து யன்னலிலிருந்து வழுக்கி வெளியே விழுந்தார்.

தம்பிஐயா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார். "எனக்கு என்ர கிணத்தைக் காட்டுங்கோ. இப்பவே."

ஜசிந்தா போகலாம் என்றாள். வேறு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தலைவரையும் அதிகாரியையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, அறுபத்திரண்டு பிள்ளைகளும் பெற்றோரும் பின்னால் ஓட, பவளப் பாறையான முருகைக்கல் மதில்களுக்கு நடுவே ஊர்வலம் போனது. ஏன் போகிறோம் என்று தெரியாமலே வழியில் பலர் சேர்ந்துகொண்டார்கள்.

தம்பிஐயாவின் வளவில் வீடு பூட்டிக் கிடந்தது. கிணற்றுக்குள் பனையோலைகள் அழுகிக் கறுத்திருந்தன. ஒரு தவளை மேலே நிமிர்ந்து பார்த்தது.

"பதினாலு வருசமா ஒருத்தரும் அள்ளேல்லை, ஐயா" என்றான் தனுஜன், அவரைப் பார்க்காமல் தன் அளவுக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு. "எட்டடிக் கிணத்தில மூண்டரை அடி சேறு. அளந்து எழுதியிருக்கிறம்."

"இறைச்சால் தண்ணி திருந்துமோ?"

"தெரியாது ஐயா. இறைச்சுப் பாத்தால்தான் சொல்லலாம். அதுதான் செயற்றிட்டத்தின்ர ரெண்டாம் பகுதி. அடுத்த தவணைக்கு வைச்சிருக்கிறம்."

"அடுத்த தவணையோ? நான் ஞாயிற்றுக்கிழமை பிளேன் ஏறுறன்!" தம்பிஐயா பட்டு வேட்டியைத் தூக்கி மடித்துக் கட்டினார். "ஏணி ஆரிட்ட இருக்கு?"

ஏணி வந்தது. வாளிகள் வந்தன. அவர் இறங்குவதைத் தடுக்க இரண்டு பேர் பார்த்தார்கள். அதற்குள் அவர் இடுப்பளவு சேற்றில் நின்று பாட்டுப் பாடத் தொடங்கிவிட்டார். கிணற்றிலிருந்து வேலிவரை இரண்டு வரிசை நிற்கட்டும், ஒன்றில் நிறைந்த வாளி போகட்டும், மற்றதில் வெறும் வாளி வரட்டும் என்றாள் யூலியானா. சின்னப் பிள்ளைகள் கிணற்றிலிருந்து பத்தடி தள்ளித்தான் நிற்க வேண்டும் என்று ஜசிந்தா கோடு கீறினாள். தனுஜன் வாளிகளை எண்ணினான். நாகபூசணி கோப்பை மதிலில் வைத்து, சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வரிசையில் நின்றார். மூன்றாவது வாளியிலேயே அவருடைய கண்ணாடியில் சேறு தெறித்தது. அவர் துடைக்கவில்லை.

நூற்றுப் பன்னிரண்டாவது வாளிக்குப் பிறகு கிணற்றுக்குள்ளிருந்து தம்பிஐயா கத்தினார். "இஞ்ச என்னவோ இரும்பு!"

கயிறு போட்டு இழுத்தார்கள். சேறு வழிய வழிய மேலே வந்தது ஒரு சைக்கிள்.

"ஐயோ, என்ர சைக்கிள்!" குருசுமுத்து பாய்ந்து அதைக் கட்டிப்பிடித்தார். "கலியாணத்துக்கு முந்திக் களவு போனது! மணியைப் பாருங்கோ, நான் பூட்டின மணி!" மணியை அடித்தார். அது கிணிங் என்றது. கூடி நின்றவர்கள் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

"நான் அப்ப கனடாவில!" என்று கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல் அவசரமாகச் சொன்னது.

மத்தியானம் ஒரு மணிக்கு அதிபர் இராசேஸ்வரி மற்ற மூவரோடும் துறையில் இறங்கி, கிடைத்த வாகனத்தில் தொற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் ஒரு மனிதர் இல்லை. வரவேற்புக்காக வாசலில் கட்டியிருந்த வாழைமரங்களைத் தீவில் அலைகிற காட்டுக் குதிரைகள் இரண்டு நிதானமாகத் தின்றுகொண்டிருந்தன. மேசையில் ஒன்பது கூசாக்கள். அதிபர் உழவு இயந்திரத் தடத்தைப் பிடித்துக்கொண்டு, கையில் பயிற்சிச் சான்றிதழோடு, மற்ற மூவரும் பின்தொடர, வெயிலில் ஓடினார்.

வளவுக்குள் நுழைந்ததும் அவர் கண்டது சேற்றால் செய்தது போன்ற ஒரு கூட்டம். யார் பிள்ளை, யார் பெற்றார், யார் கல்வி அதிகாரி என்று பிரிக்க முடியவில்லை.

"இஞ்ச ஆர் பொறுப்பு?" என்று கத்தினார்.

பிள்ளைகள் ஜசிந்தாவைக் காட்டினார்கள். ஜசிந்தா, கயிற்றை விட முடியாமல், தாடையால் யூலியானாவைக் காட்டினாள். யூலியானா தனுஜனைக் காட்டினாள். தனுஜன், "இருநூற்றி நாப்பத்தாறு" என்றான்.

அதிபர் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, "மன்னிக்க வேணும் மடம், இனி நான் பாத்துக்கொள்ளுறன்" என்று நாகபூசணியிடம் தொடங்கினார்.

"வேண்டாம், ரீச்சர். எல்லாம் சரியாத்தான் நடக்குது" என்றார் நாகபூசணி. "நீங்கள் இந்த வாளியைப் பிடியுங்கோ."

அதிபர் சான்றிதழை உப அதிபரிடம் கொடுத்துவிட்டு வாளியைப் பிடித்தார்.

மூன்று மணிக்குக் கிணற்றின் அடியில் வெள்ளைக் கல் தெரிந்தது. அதன் வெடிப்பிலிருந்து புதுத்தண்ணீர் மெல்ல ஊறியது. தம்பிஐயா ஏணியில் நின்றபடி ஒரு கை அள்ளிக் குடித்தார். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். அவர் கொப்பளித்து, யோசித்து, இன்னொரு கை குடித்தார்.

"உவர்தான்" என்றார் சோகமாக. பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் ஏணி ஆட, இரண்டு பேர் அவரைத் தோளில் பிடித்துத் தூக்கி எடுத்தார்கள். "முந்தியும் உவராத்தான் இருந்திருக்கும். எனக்குத்தான் தெரியாமப் போச்சு. பிள்ளை, எத்தினை புள்ளி போடலாம்?"

"நாலு போடலாம், ஐயா" என்றாள் யூலியானா கண்டிப்பாக.

"நாலாம் வரியில நிண்ட பிள்ளைக்கு?" என்று அவர் ஜசிந்தாவைக் காட்டி நாகபூசணியிடம் கேட்டார்.

நாகபூசணி கோப்பை மதிலிலிருந்து எடுத்தார். உடன்படிக்கை உழவு இயந்திரத்தின் மட்கார்ட்டில் வைத்துக் கையெழுத்தாகியது: இன்னும் ஐந்து வருடம். பள்ளிக்கூடத்தின் பக்கத்தில் கையெழுத்திட அதிபர் பேனாவை வாங்கினார், பிறகு அதை ஜசிந்தாவின் சேற்றுக் கைக்குள் வைத்தார். "இண்டைக்கு அதிபர் நீர்தானே. போடும்." ஜசிந்தா தன் பெயரின் கடைசி எழுத்தைக் கடதாசிக்கு வெளியே மட்கார்ட்டில் எழுதி முடித்தாள்.

விருந்தாளிகளின் வள்ளம் துறையை விட்டு விலகும்வரை எல்லோரும் கை காட்டினார்கள். தம்பிஐயா ஒரு சேற்றுக் கையை ஆட்டிக்கொண்டே சிறிதாகிப் போனார். முதலில் தனுஜன் துறையின் ஓரத்திலிருந்து கடலில் குதித்தான். பிறகு யூலியானா. பிறகு எட்டாம் வகுப்பு முழுவதும், சட்டையோடு, சத்தம் போட்டுக்கொண்டு.

ஜசிந்தா அல்லைப்பிட்டியில் கடற்கரையில் வளர்ந்தவள். ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அதிபர் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். ஜசிந்தா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சீலையை இழுத்துச் செருகி, மூன்று அடி ஓடிவந்து குதித்தாள்.