எல்லா ஓட்டைக்கும் காது உண்டு

என் லேப்டாப்புக்கு ஆயுசு சரியாக ஆறு நிமிடம். பொத்தானை அழுத்தினால் விழிக்கும், படம் காட்டும், ஆறாவது நிமிடம் பொட்டென்று உயிரை விடும். உடனே எழுப்பினால் மூன்று நிமிடம். அதற்கு அடுத்த முறை ஒன்றரை. வியாதி இப்படிக் கணக்காக வராது. இது ஆள் வைத்துச் செய்கிற வேலை என்று முடிவு கட்டினேன்.

காரணம் இருந்தது. அன்று மாலை நான்கு மணிக்கு ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர்கள் சங்கத்தின் தலைவர் தேர்தல். கூட்டம் வீடியோவில். போட்டியிடுவது இரண்டே பேர்: நானும், முப்பத்திரண்டு வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் இடது காதைச் செவிடாக்கிய வெண்கலத்தொண்டையும். பேர் கூப்பிடும்போது முகம் காட்டாதவர் போட்டியில் இல்லை. அது சங்க விதி. ஏற்கெனவே மூன்று முறை அவளிடம் மண்ணைக் கவ்வியிருந்தேன். வீட்டில் இருப்பதோ பொத்தான் போன். படம் காட்டுகிற போனை வேவு பார்க்கும் என்று நான் வாசற்படி ஏறவிட்டதில்லை.

முதல் சந்தேகம் வீட்டுக்காரர் மேல்.

"நான் தலைவரானா சமையல் உங்க தலைல விழும்னுதானே உள்ள எதையோ கழட்டிவிட்டீங்க?"

"ஏன்டி, இப்பவே ஏழு நாளும் நான்தானே சமைக்கிறேன்?"

பட்டென்று பதில் வந்தது. திருடன்தான் பதிலைத் தயாராக வைத்திருப்பான்.

பிளக்கை மாற்றினேன். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஓட்டினேன். யாரோ சொன்னார்கள் என்று முப்பது விநாடி பொத்தானைக் கழுத்தை நெரிப்பதுபோல் அழுத்திப் பிடித்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. மூன்று மணிக்கு அதை மார்போடு அணைத்துக்கொண்டு மெக்கானிக் கடைக்குப் போனேன். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். தடயத்தை அழிக்கத்தான்!

மெக்கானிக்குக் கண்ணாடி மூக்கின் நுனியில் தொங்கியது. சார்ஜரைச் சோதித்தார், கதையைக் கேட்டார்.

"கரெண்டு ஒழுங்காத்தான் வருதும்மா. போடப் போட நேரம் குறையுதுன்னா, சூடு. திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டுங்க."

மடியிலிருந்து நான் விடவில்லை. உள்ளே என் தேர்தல் பேச்சு இருந்தது.

"உங்களை யாரு அனுப்பினா?"

"நீங்கதாம்மா என் கடைக்கு வந்திருக்கீங்க."

வீட்டுக்காரர் களுக்கென்று சிரித்தார். அப்படியா, இரண்டு பேரும் கூட்டா!

"சரிம்மா, தர வேண்டாம்" என்று மெக்கானிக் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணின்னு சொன்னீங்க. இப்ப மூணேகால்."

திருப்பினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். லேப்டாப்பின் அடிவயிறு முழுக்கக் கறுப்பு டேப். நான்தான் ஒட்டினேன். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? ஊரில் எந்த வீட்டில் யார் அழுதார்கள், எந்தக் கல்யாணம் எதனால் நின்றது என்பதெல்லாம் என் காது வழியாகத்தான் போனது. ஓட்டை என்று ஒன்று இருந்தால் அதன் மறுபக்கம் ஒரு காது இருக்கும் என்பது எனக்கல்லவா தெரியும்! அதனால் கேமராவுக்கு ஒரு துண்டு, மைக்குக்கு ஒரு துண்டு. கீழே வரிசையாக நாற்பது ஓட்டைகள். அத்தனைக்கும் சேர்த்து, போன வாரம், ஒரு சுருள்.

"இது மூச்சு விடுற வழிம்மா" என்று மெக்கானிக் உரித்தார். "சூட்டுக் காத்து வெளிய போக வழியில்ல. வெந்து சாகக் கூடாதுன்னு அதுவா அணைஞ்சுக்குது."

"கழட்டிவிட்டது நான், இல்ல?" என்றார் வீட்டுக்காரர்.

"டேப் வாங்கிட்டு வந்தது யாரு?" என்றேன். விட்டுக்கொடுக்க முடியுமா?

நான்கு மணிக்கு, கேமரா, மைக் துண்டுகளையும் உரித்துவிட்டு, நான் திரையில் பளிச்சென்று உட்கார்ந்திருந்தேன். வெண்கலத்தொண்டையின் கட்டம் மட்டும் கும்மிருட்டு. அதற்குள்ளிருந்து நகத்தால் சுரண்டும் சத்தம் வந்தது. கறுப்பு மெல்ல உரிந்து அவள் மூக்கு தெரிந்தது. அடிப்பாவி, இவளும் ஒட்டியிருக்கிறாள்! செயலாளர் வரவேற்பு முடிப்பதற்குள் அவள் கட்டமே காணாமல் போனது. திரும்பி வந்தாள், மறுபடி போனாள். இந்த முறை இன்னும் சீக்கிரம்.

"பத்து நிமிஷம் பாப்போம்" என்றார் செயலாளர். "வரலேன்னா போட்டியில்லாம ஜெயிச்சது நீங்கதான்."

நாலாவது தடவையில் வெற்றி, அதுவும் காலி நாற்காலியிடம். அவளை ஜெயிக்க வேண்டும் என்றுதானே நாலு தடவை நின்றேன்? அவள் தோற்கிற முகத்தைப் பார்க்காமல் எனக்கு எதற்கு அந்தப் பதவி? பொத்தான் போனை எடுத்தேன்.

"கம்ப்யூட்டரைத் திருப்புடி. அடியில ஒட்டின டேப்பை உரி."

"நான் டேப் ஒட்டினது உனக்கு எப்படித் தெரியும்?"

"நானும் ஒட்டினேன்."

"பொய். உரிச்சா என் பேச்சை ஒட்டுக் கேக்கலாம்னு பாக்கற. உன் காதைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"நாலு நிமிஷம்தான் இருக்கு. உரிடீ!"

போனில் சர்ரென்று நீளமாக ஒரு சத்தம். அவளும் ஒரு சுருளைத் தீர்த்திருந்தாள்.

"விசிறு. ஆற விட்டுட்டுப் போடு" என்றேன்.

கடைசி நிமிடத்தில் வந்தாள், வியர்த்து வழிந்த முகத்தோடு. ஐந்து நிமிடம் பேசினாள், ஊரே அதிர்ந்தது. நானும் பேசினேன். ரகசிய ஓட்டு. முப்பத்தொன்பது பேர். இருபதுக்குப் பத்தொன்பது என்று ஜெயித்தேன்!

என்னை ஜெயிக்க வைத்த அந்த ஒரு ஓட்டு யார் போட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. திரையில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு சரியில்லை. அவள் மேல்தான் எனக்குச் சந்தேகம்.