முன்னால் வருகிறவள்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: பயிற்சி தரும் மாஸ்டர், தொடர் நீச்சலில் முதலில் மல்லாந்து நீந்துகிற மல்லாக்கு, இரண்டாவதாக, தவளை நீச்சலடிக்கும் தவளை, மூன்றாவதும் நாலாவதும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட ஓரகத்திகள், பெரியவள், சின்னவள். பேச்சு மட்டும் வரவில்லை.

ஈரத் துண்டு வாடையடிக்கும் சின்ன அறை. காலைச் சுற்றில் எட்டாவதாக ஒட்டிக்கொண்டு தேறியிருந்தார்கள். மாலை இறுதிப் போட்டியில் முதல் மூன்றுக்குள் வராவிட்டால் மாஸ்டர் நாளை முதல் வீட்டிலேயே இருக்கலாம் என்று அணி மேனேஜர் சொல்லிவிட்டார். நீச்சலில் குறையில்லை. கோட்டை விட்டது மாறும் இடத்தில். வருகிறவள் கை சுவரைத் தொடும் நொடியில் மேடையில் நிற்பவள் பாய வேண்டும். அதற்கு அவளை நம்பி முன்பே உடம்பைச் சாய்க்க வேண்டும். இவர்களோ தொட்டாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் பாய்ந்தார்கள்.

"உங்களுக்கு முன்னாடி வர்றவங்களைப் பத்தி மனசுல இருக்கறதைக் கொட்டிடுங்க," என்றார் மாஸ்டர். ஏதோ ஒரு வகுப்பில் கற்ற வித்தை.

சின்னவள் ஆரம்பித்தாள். "அக்கா கடைசி பத்து மீட்டர்ல படுத்துடுவாங்க."

"யாருடி சொன்னா?"

"மாஸ்டர்தான். உன்னை விட்டா எனக்கு ஆள் இல்லன்னார்."

பெரியவள் மெதுவாகத் திரும்பினாள். "என்கிட்டயும் அதேதான். தவளை தடுமாறும், தொட்டதைப் பாத்துட்டுக் குதின்னார்."

"மல்லாக்கு சுவரைத் தேடிக்கிட்டே வருவான்னார்," என்றாள் தவளை. "சத்தியம் வேற பண்ணார்."

மல்லாக்குக்கு முன்னால் நீந்த ஆளில்லை. "என்கிட்ட மூணு பேரையும் சேத்தே சொல்லிட்டார்," என்றாள்.

"எல்லாம் உற்சாகப்படுத்தத்தாம்மா..." என்று இழுத்தார் மாஸ்டர்.

"நம்ம மாமியாரே தேவலாம்க்கா," என்றாள் சின்னவள். "அவங்க ரெண்டு பேர்கிட்டதான் கோள் மூட்டினாங்க."

பெரியவள் சிரித்துவிட்டாள். ஓரகத்தி பேச்சுக்கு அவள் சிரித்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

மாலையில் மாஸ்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியவள் கை சுவரை எட்டும் முன்பே சின்னவள் உடம்பு தண்ணீருக்கு மேல் சாய்ந்திருந்தது. கால்விரல் மட்டும் மேடையில். தொடும் முன்பே பாய்ந்ததாக நடுவர் தப்பு சொல்லிவிடுவாரோ என்று மாஸ்டர் அவர் கையையே பார்த்தார். சொல்லவில்லை. மூன்றாவது இடம்.

"என்னய்யா பண்ணீங்க?" என்று மேனேஜர் கையைக் குலுக்கினார்.

"மனசு விட்டுப் பேச வச்சேன் சார்," என்றார் மாஸ்டர், கொஞ்சமும் கூசாமல்.

அறைக்குப் போனால் நால்வரும் ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டு, தாங்கள் பாய்ந்ததைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பயிற்சியை எழுதிக் குடுங்க மாஸ்டர், செஞ்சிடறோம்," என்றாள் பெரியவள். "ஒருத்தியைப் பத்தி இன்னொருத்திகிட்ட மட்டும் வாயைத் திறக்காதீங்க."

"அய்யோ, இனிமே மூச்சு விடமாட்டேம்மா."

சொல்லிவிட்டு, போகிற போக்கில் தவளையின் காதருகே குனிந்தார். "இருந்தாலும் இன்னிக்கு ஜெயிச்சது உன்னாலதான்..."

தவளை எழுந்தாள். தோளைப் பிடித்து அவரைத் திருப்பி, வாசலுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினாள். உள்ளே சாவி இரண்டு சுற்று சுற்றியது.