இடப்பக்கத் தாடையில் ஆறு

ஈறைக் கீறித் திறந்த இடப்பக்கத் தாடையிலிருந்து நூர்முகம்மதுவுக்கு ஆற்றுத் தண்ணீர் வந்தது. கீறாத வலப்பக்கம் எல்லோருடைய வாயையும் போலவே இருந்தது. ஏரலில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் அவர். இருபத்து மூன்றாம் வருஷத்து மார்கழி வெள்ளத்தில், மிதந்து வந்த மரத்தடி முகத்தில் மோதி இருபக்கக் கடைவாய்ப் பற்களும் போயின. அந்த அடியில்தான் அவர் பிடித்திருந்த தம்பி அலி அஸ்கரின் கை நழுவியது. உடல் கிடைக்கவில்லை. மையித்தைக் காணாமல், இறந்தவருக்கான ஜனாஸா தொழுகை வைக்க உம்மா ஷரீபா பீவி சம்மதிக்கவில்லை.

மறு வருஷம் பாளையங்கோட்டைப் பல் மருத்துவர் ஹெப்ரான் புதுப் பல் மாட்டுவதற்காக இரண்டு பக்கமும் உலோகத் திருகாணி பதித்தார். வலப்பக்கம் எலும்பு அகலமாக இருந்ததால் ஈறில் சிறு துளை போட்டே இறக்கிவிட்டார். தையல் இல்லை, வீக்கமும் இல்லை. இடப்பக்கம் எலும்பு மெலிந்திருந்தது. பார்க்காமல் துளைத்தால் பிசகிவிடும் என்று ஈறைக் கீறி விலக்கி, எலும்பைக் கண்ணால் பார்த்துப் பதித்துத் தைத்தார். ஒரே வாயில் இரண்டு முறைகளையும் ஒப்பிடலாம் என்று அவருக்கு உற்சாகம். வலி, வீக்கம் என்று விசாரித்து வந்தவர், இடப்பக்கம் வண்டல் தண்ணீர் கசிவதையும் அதே குரலில் விசாரித்தார்.

மணல் வந்தது. நாணல் துணுக்கு வந்தது. அலி அஸ்கரின் சட்டைப் பொத்தான் வந்த அன்று நூர்முகம்மதுவின் மனைவி ரைஹானத் அழுதாள்.

"டாக்டர்ட்ட சொல்லி அடைச்சிருங்க. எனக்குப் பயமா இருக்கு."

"அடைச்சிராதலே," என்றார் உம்மா. "எம் புள்ள பைய வந்துக்கிட்டு இருக்கான்."

ஒவ்வொரு கவளத்திலும் நூர்முகம்மதுவுக்கு அந்த வெள்ள நாளின் ருசி வந்தது; வலது கை தானாக இறுகிக்கொண்டது.

ஆவணியில் ஒரு மதியம், வாய் கொப்பளிக்கையில் ஒரு பல் விழுந்தது. சோடா மூடியைக் கடித்து அலி அஸ்கர் முனையை உடைத்துக்கொண்ட முன்பல். உம்மா அதை உள்ளங்கையில் வைத்துக் கழுவினார். பல்லுக்குத் தொழுகை உண்டா என்று ஜமாஅத்தில் பேச்சு வந்தது. "புள்ள பல்லு உம்மாவுக்குத் தெரியாதா வே?" என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் தொழவைக்க எழுந்துவிட்டார். பல்லைச் சுற்றிப் புதைக்கக் கைக்குட்டை அளவு கஃபன் துணி போதுமாக இருந்தது. குழியை மட்டும் ஆள் நீளத்துக்கு வெட்டச் சொன்னார் உம்மா, அப்படியே வெட்டினார்கள்.

திருகாணிகள் இரண்டையும் எலும்பு ஒன்றுபோலப் பற்றியிருந்தது. பற்கள் மாட்டிய ஹெப்ரான், கசிவை நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டார்.

"இருக்கட்டும் டாக்டர். அவனுக்கும் வேற வழி இல்லல்லா."

ஏரலில் இப்போது யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. கோடையில் தண்ணீர் தெளிந்து வருகிறது. ஐப்பசி மழை பிடித்தால் கலங்கிப் பெருகும். அந்த மாதங்களில் நூர்முகம்மது வாய் திறப்பதில்லை. சேலை விலையை விரலால் காட்டுகிறார்.