பாஸ்கல் வீட்டுப் பூவரசு

1966 ஆகஸ்டில், கல்மண்டபத்தை ஒட்டிய ஒரு சந்தில் வீட்டுக்கொன்றாக நின்ற பதினோரு பூவரச மரங்களின் அடிமண் தினமும் மாலை ஆறு மணிக்கு மைலோக் கஞ்சி வாசம் விட்டது. ரேஷனில் அரிசி நின்றுபோய், கப்பலில் வந்த அந்தச் சிவப்புச் சோளத்தைத்தான் ஊரே தின்றுகொண்டிருந்தது. மிஞ்சிய கஞ்சியை யாரோ வேரில் கொட்டுகிறார்கள் என்று எண்ணி, பெண்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள்.

துறைமுகக் கூலி பாஸ்கல் தனிக்கட்டை. கப்பலின் அடித்தளத்தைப் பெருக்கியபோது கிடைத்த நான்கு படி அரிசியை இடுப்பில் கட்டிக்கொண்டுவந்து, ஒரு திங்கட்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திப் பொங்கித் தின்றான். கை கழுவும்போது எதிர்வீட்டு வியாகுலம்மாள் கதவைத் தட்டினாள். மீன் விற்பவள், அவளுடைய நான்கு வயது மகள் ஆலிசுக்கு வயிற்றுப்போக்கு.

"ஒரு கை அரிசி கீதா அண்ணாத்தே? மைலோ குட்தா கக்கிக்கினே கீது."

"நான் இன்னா மண்டியா வச்சிகினுகீறேன்? ஒரு மணி இல்லம்மா."

புதன்கிழமை ஆலிஸ் இறந்தாள். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குப் பாஸ்கல் வீட்டு மரத்தடி மட்டும் வெந்த சோற்று வாசம் விட்டது. சந்தே கூடி நின்று மோந்தது. வியாகுலம்மாள் கடைசியாக வந்தாள்.

"ஏன் அண்ணாத்தே, மரத்துக்காவது ஒரு வாய் போட்டியே," என்றாள்.

மிச்ச அரிசியை அவன் அவள் வாசலில் வைத்தான். அவள் அதைக் கஞ்சியாக்கிச் சந்துக் குழந்தைகளுக்கு ஊற்றினாள், தனக்கென்று எடுக்கவில்லை. பாஸ்கல் அதன்பின் அரிசி தொடவில்லை. கேழ்வரகுக் கூழோடு நிறுத்திக்கொண்டான்.

1972இல் கண்ணாடிக் குடுவைகளோடு வந்த ஒரு தாவரவியல் விரிவுரையாளர் மண்ணின் காற்றைப் பிடித்துப்போய்ச் சோதித்தார். கரியில், அதாவது கார்பனில், எடை குறைந்தது, கூடியது என்று இருவகை உண்டு. சோளத்திலும் கேழ்வரகிலும் கனத்தது சற்று அதிகம், அரிசியில் குறைவு. தின்ற தானியத்தின் கரி மூச்சில் வருகிறது, பகலில் நாம் விடும் அந்த மூச்சை இலை வாங்கிக்கொள்கிறது, அதையே நாலைந்து நாள் கழித்து வேர் அதே அடையாளத்தோடு வெளியே விடுகிறது என்று விளக்கினார். மண்ணெண்ணெய் எப்போது வரும் என்ற அறிவிப்பைக் கேட்பதுபோல் சந்து கேட்டுக்கொண்டது. பாஸ்கல் மட்டும், தின்ற அன்றைக்கே அது வெளியே வர வழியில்லையா என்று கேட்டான். இல்லை என்றார் அவர்.

அதற்குள் எல்லா வீட்டுக்கும் அரிசி வந்துவிட்டிருந்தது. பத்து மரங்கள் சோற்று வாசம் விட்டன. பாஸ்கலுடையது கூழ் வாசம். புதிதாக வந்த தபால்காரர் மாலைத் தபாலோடு ஆறு மணிக்கு வியாகுலம்மாள் வீட்டுக்கு வழி கேட்டபோது, கூழ் வாசம் வரும் மரத்துக்கு எதிர்வீடு என்று சொன்னார்கள். அவரும் மோந்து பார்த்துச் சரியாகவே போய்ச் சேர்ந்தார்.