நோரீனுக்கு ஒரு பிஸ்டல்

மனைவிக்குத் துப்பாக்கி வாங்க வருகிற கணவன்மார் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதிலேயே பொடிசான பிஸ்டலைக் காட்டி, "இது இவளுக்குச் சரியா இருக்கும்" என்பார்கள். சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி. செருப்பு வாங்குகிற கணக்கு. பொடிசான பிஸ்டலுக்குள் இருப்பது முரட்டு ஸ்பிரிங். சுட்டால் கழுதை மாதிரி உதைக்கும். வாங்கிப் போன பெண் ஒரு முறை சுட்டுப் பார்த்துவிட்டு அதை அலமாரியில் போர்வைக்கு அடியில் வைத்துவிடுவாள். அடுத்த வசந்தத்தில் அது பாதி விலைக்கு என்னிடமே திரும்பி வரும். இதில் எனக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டெல்பர்ட் ஸ்டிகாலும் அதே பொடிசைத்தான் காட்டினார். மான் வேட்டை சீசன் தொடங்க ஒரு வாரம் இருந்தது. மிசௌரி மாநிலத்தின் தெற்கு மலைப்பக்கம் முழுவதும் ரைஃபிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த செவ்வாய்க்கிழமை காலை, அவரும் நோரீனும் என் கடைக்குள் வந்தார்கள். டெல்பர்ட் மர அறுவை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது ஓடைப் பக்கம் ஆடு வளர்க்கிறார்கள்.

"வெண்டல், இவளுக்கு ஒரு பிஸ்டல் வேணும். முதல் பிஸ்டல். அந்தக் குட்டியை எடு."

"எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றாள் நோரீன். "காலைச் சாப்பாட்டுக்கு பிஸ்கட்டும் கிரேவியும் வாங்கித் தரேன்னு சொல்லி இந்த ஆளு என்னை வண்டில ஏத்துனாரு. பாத்தா இங்க கொண்டாந்து நிறுத்திருக்காரு."

"முதல்ல பிஸ்டல். அப்புறம் கிரேவி."

"கேட்டியா வெண்டல்? கல்யாணத்தப்பவும் இதே மாதிரிதான். முதல்ல கல்யாணம், அப்புறம் ஃப்ளாரிடான்னாரு. இன்னும் ஃப்ளாரிடாவைப் பாக்கல."

டெல்பர்ட் சிரித்தார். வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டிருந்தார். பைக்குள் அந்தக் கை, பிடித்து வைத்த குருவி போல அசைந்துகொண்டே இருந்தது. நடுக்கம் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. மருந்து சாப்பிடுகிறார். மருந்தும் நடுக்கமும் பேசிவைத்துக்கொண்டு பாதிப் பாதி நாள் எடுத்துக்கொள்கின்றன.

போன மாதம் நடந்தது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். கயோட்டி நரிகள் கொட்டிலுக்குள் புகுந்துவிட்டன. டெல்பர்ட் தன் பழைய ரிவால்வரோடு ஓடினார். நரி ஒரு பக்கம், அவர் நாய் ஒரு பக்கம். துப்பாக்கியின் வாய் இரண்டுக்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருந்தது. சுடாமல் நின்றார். இரண்டு ஆட்டுக்குட்டிகள் போயின. காலையில் சாப்பாட்டு மேசையில் நோரீனிடம், "இனிமே நாய் குரைச்சா நீதான் போகணும்" என்று சொல்லிவிட்டார். போலீஸை அழைக்கலாம், அவர்கள் வருவதற்குள் நரி சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போயிருக்கும்.

"ரிவால்வர் வீட்டுலேயே இருக்கே. அதுக்கு என்ன குறைச்சல்?" என்றாள் நோரீன்.

"அதோட ட்ரிகர் உன் விரலுக்கு வராது. நேத்து இழுத்துப் பாத்தேல்ல? அரை மணி நேரம் திட்டுனே."

"ட்ரிகரை எங்க திட்டுனேன்? உன்னைத் திட்டுனேன்."

அவள் விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. அந்த விரலுக்கு ரிவால்வர் ட்ரிகர் கனம்தான், பிஸ்டல்தான் தோது. டெல்பர்ட் சொன்னதில் அதுவரைக்கும் நியாயம் இருந்தது.

நான் பொடிசை எடுக்கவில்லை. நடுத்தரமான ஒன்றை எடுத்தேன். மேலே இருக்கும் ஸ்லைடைப் பின்னால் தள்ளித் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று விளக்கு வெளிச்சத்தில் காட்டி, நோரீனிடம் கொடுத்தேன். அவளும் குனிந்து பார்த்தாள். எங்கள் ஊரில் அதுதான் மரியாதை. கொடுக்கிறவன் திறந்து காட்ட வேண்டும். வாங்குகிறவன் அதை நம்பாமல் தானும் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்கிற பாதிரியார் கொடுத்தாலும் இதே சட்டம்தான். பார்த்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பார்க்காமல் வாங்கினால்தான் கோபித்துக்கொள்வோம்.

"இப்ப மூடிட்டு, நீங்களே திறங்க மிஸ் நோரீன். ஸ்லைடை இழுக்காதீங்க. இடது கையால அதை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, வலது கையால துப்பாக்கியை முன்னால தள்ளுங்க. முரண்டு பிடிக்கிற கடாவை வாசலுக்கு வெளிய தள்ளுற மாதிரி."

எங்கள் பக்கம் பெரிய மனுஷிகளைக் கல்யாணம் ஆனாலும் 'மிஸ்' என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவோம். அவள் தள்ளினாள். ஒரே தள்ளில் திறந்தது. எத்தனையோ கடாக்களைத் தள்ளிய கை.

"அட்றா சக்கை!" என்றார் டெல்பர்ட்.

நோரீன் முகத்தில் சந்தோஷம் இல்லை. பிஸ்டலை மூடி, வாய் சுவரைப் பார்க்கும்படி வைத்து, டெல்பர்ட் பக்கம் நகர்த்தினாள். "உனக்கு வருதா பாரு."

"எனக்கு எதுக்கு? வாங்கறது உனக்கு."

"பாரேன்."

அவர் கையைப் பையிலிருந்து எடுத்தார். பிடித்தார். தள்ளினார். பாதி தூரம் போய் ஸ்லைடு வழுக்கித் திரும்பியது. மறுபடியும் தள்ளினார். மறுபடியும் வழுக்கியது.

"இது சரியில்ல வெண்டல், வேற காட்டு" என்றாள் நோரீன்.

வேறு காட்டினேன். அவள் திறந்தாள், அவரிடம் நகர்த்தினாள், அவரால் முடியவில்லை, "இதுவும் சரியில்ல" என்றாள். இன்னொன்று. "கைப்பிடி சொரசொரப்பா இருக்கு." இன்னொன்று. "நிறம் பிடிக்கல." துப்பாக்கிக்குக் கறுப்பைத் தவிர நான் என்ன நிறம் வைத்திருக்கிறேன்? பேரம் பேசுகிற வீட்டில் பிறந்தவன் நான். பண்டத்தைக் குறை சொல்பவர்கள் விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள் என்பது எனக்குப் பால் குடிக்கும்போதே தெரியும். ஆனால் இவள் விலையைக் கேட்கவே இல்லை. பண்டத்தையும் பார்க்கவில்லை. அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெல்பர்ட் கழிவறைக்குப் போனார். கதவு சாத்திய சத்தம் கேட்டதும் நோரீன் மேசை மேல் சாய்ந்தாள்.

"அவரால திறக்க முடியுற மாதிரி ஒண்ணு குடு."

"சுடப் போறது நீங்கதானே?"

"வாங்கறது என் பேருல இருக்கட்டும். நாய் குரைச்சா அவருதான் எந்திரிப்பாரு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவருதான் எந்திரிக்கறாரு. நான் போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டு, 'டெல், சட்டைய மாட்டிட்டுப் போ'ன்னு சொல்லுவேன். என் வேலை அவ்வளவுதான். அதை மாத்தாத வெண்டல்."

"மிஸ் நோரீன்..."

"மாத்திட்டா அவரு உக்காந்துடுவாரு. உக்காந்தா அப்புறம் எந்திரிக்கவே மாட்டாரு. எனக்கு இந்த மனுஷனைத் தெரியும்."

என்னிடம் அப்படி ஒன்று இருந்தது. வயதானவர்களுக்கென்றே ஸ்பிரிங்கை இளக்கிச் செய்தது, குழந்தைகூடத் திறந்துவிடும். எடுத்துக் காட்டினால் அந்த நிமிடமே விற்றுப்போய்விடும். என் குடும்பத்தில் யாருமே இந்த இடத்தில் யோசித்திருக்க மாட்டார்கள். நான் யோசித்தேன். அதற்குள் அவர் திரும்பி வந்துவிட்டார். சரி, கேட்டதைக் கொடுப்பதுதானே வியாபாரம் என்று அதை எடுத்து வைத்தேன்.

நோரீன் அவசரமாக அவர் பக்கம் நகர்த்தினாள். டெல்பர்ட் தள்ளினார். வெண்ணெய் போலத் திறந்தது.

"இதுதான்!" நோரீன் கையைத் தட்டியே விட்டாள். "இதுதான் வெண்டல், இதைக் கட்டு. டெல், பாத்தியா? ஒண்ணும் ஆகல உனக்கு. எல்லாம் அந்த ஸ்பிரிங்கோட கோளாறு."

டெல்பர்ட் முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரத்துக்கு அவர் பழைய டெல்பர்ட்தான். உள்ளே பார்த்தார், மூடினார், சுவரில் மாட்டியிருந்த மான் தலையைப் பார்த்துக் குறி வைத்தார். கை ஆட ஆரம்பித்தது. இடது கையையும் சேர்த்துப் பிடித்தார். அப்படியும் ஆடியது. பிஸ்டலின் வாய் மானை விட்டு இறங்கி, காலண்டரைத் தாண்டி, பணப்பெட்டியைத் தாண்டி, நோரீனின் முழங்கையைத் தொட்டுவிட்டுப் போனது.

டெல்பர்ட் பிஸ்டலைக் கீழே வைத்தார். சுடுசட்டியை வைப்பதுபோல வைத்தார்.

"நோரீன். வாய் உன் மேல போச்சு."

"காலிதானே. நீயே பாத்தியே."

"உன் மேல போச்சு."

"போனா என்ன? நான் என்ன பஞ்சா, ஓட்டை விழுறதுக்கு?"

"சிரிக்காத." அவர் குரல் உயரவில்லை. "காலின்னு நினைச்சு சுட்டவங்களை எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். ஆட்டுக்காக உன்னைக் கொல்லணுமா நான்?"

எங்கள் ஊரில் ஒருவன் குடிக்கலாம், கடன் வாங்கலாம், தேவாலயத்தில் தூங்கலாம். ஆனால் துப்பாக்கியின் வாய் ஆள் மேல் போகவிட்டால், அதற்குப் பிறகு அவனோடு யாரும் வேட்டைக்குப் போக மாட்டார்கள். அந்தச் சட்டத்தை மற்றவர்களுக்குச் சொல்லியே வாழ்ந்தவர் டெல்பர்ட். இப்போது அதைத் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தார்.

நோரீன் அவரைப் பார்த்தாள். பிறகு அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அது உள்ளே ஆடிக்கொண்டிருந்தது.

"இருட்டுல எனக்குப் பயமா இருக்கும் டெல்" என்றாள்.

"எனக்கும்தான் இருந்துச்சு. உன்கிட்ட சொன்னதில்ல."

"பொய்."

"கொட்டில் கதவைத் திறக்கறப்ப எல்லாம் முழங்கால் நடுங்கும். இப்ப கைக்கு ஏறிடுச்சு, அவ்வளவுதான்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீ கூட வருவியா?"

"டார்ச் லைட்டு யாரு பிடிக்கறது?"

"உன் கைல டார்ச்சு குடுத்தா நரி எல்லாம் டான்ஸ் ஆட வந்துடும்."

"வரட்டும். கூட்டமா வந்தா உனக்குக் குறி தப்பாது."

நான் குனிந்து கண்ணாடியைத் துடைத்தேன். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

இளகின ஸ்பிரிங் பிஸ்டலை நோரீனே என் பக்கம் தள்ளினாள். முதலில் காட்டிய நடுத்தரத்தைக் கேட்டாள். "சுட்டுப் பாத்துட்டுத்தான் வாங்குவேன். கண்ணால மட்டும் பாத்து வாங்குன ஒரே பண்டம் இந்த ஆளுதான்."

கடைக்குப் பின்னால் சுடுவதற்கு ஒரு நீளக் கூடம் இருக்கிறது. காதுமூடிகளை மாட்டிவிட்டேன். முதல் முறை சுடுகிறவர்கள் உதை தாங்காமல் பின்னால் சாய்வார்கள். அதற்காக யாராவது பின்னால் நின்று முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொள்வது வழக்கம். நான் நிற்கப் போனேன். டெல்பர்ட் என்னை நகரச் சொன்னார். தன் கையை அவள் தோளுக்குக் கீழே வைத்தார். வைத்ததும் அவள் சட்டை முழுவதும் ஆடியது.

"எடுத்துடட்டுமா? உனக்குக் குறி கெட்டுடும்" என்று கத்தினார். காதுமூடி போட்டால் எல்லோரும் கத்துவார்கள்.

"எடுத்தா பாரு!"

சுட்டாள். குறிவட்டம் போட்ட காகிதத்துக்கு மேலே, பலகையில் பட்டது. மறுபடியும் சுட்டாள். காகிதத்தின் ஓரம் கிழிந்தது. அவர் கை அவள் முதுகில் ஆடிக்கொண்டே இருந்தது. அந்த ஆட்டத்தோடு மூச்சை எப்படிச் சேர்த்தாளோ தெரியவில்லை. மேகசினில் இருந்த தோட்டாக்கள் தீரும்போது ஓட்டைகள் நடுவட்டத்துக்கு அக்கம்பக்கத்தில் வந்திருந்தன. திரும்பிப் பார்த்தாள். முகம் சிவந்திருந்தது. அப்படி ஒரு முகத்தோடு அவளை நான் தேவாலயத்தில் பார்த்ததில்லை.

"இன்னொரு தடவை. மேகசினை ரொப்பிக் குடு வெண்டல்."

மேகசினில் தோட்டா அடைப்பது கட்டை விரலைக் கேட்கிற வேலை. அவள் மூட்டுக்கு ஆகாது. அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் கருவி உண்டு; மேகசினின் தலையில் மாட்டி அழுத்தினால் ஸ்பிரிங் தணியும், தோட்டா விழும். அதை எடுத்து நானே அடைக்கத் தொடங்கினேன். டெல்பர்ட் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"தோட்டா கைல ஆடுனா யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்றார். "இது என் வேலை."

பெஞ்சில் உட்கார்ந்தார். முதல் தோட்டா விரலிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. நான் குனியப் போனேன். நோரீன் என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். அவரே குனிந்தார், தேடினார், எடுத்தார், ஊதினார், அழுத்தினார். உள்ளே விழுந்தது. இரண்டாவது விழ அதைவிட நேரம் ஆனது. நோரீன் காலிப் பிஸ்டலைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அவர் எதிரில் நின்றாள். அவசரப்படுத்தவும் இல்லை, உதவவும் இல்லை. பிஸ்கட் சாப்பிடப் போகிற பசி எதுவும் அவள் முகத்தில் தெரியவில்லை.

கடையிலிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்து பார்த்தேன். ரைஃபிளுக்குக் குறி சரிபார்க்க வந்த ஒரு வாடிக்கையாளர்.

"எவ்வளவு நேரம் ஆகும் வெண்டல்?"

"கூடத்துல விளக்கு ரிப்பேரு. மத்தியானம் வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.