வேலி தாண்டிய குச்சிகள்

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. போளூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னது: நடுவதற்கு மரவள்ளிக் குச்சி கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. மீதிப் பொய்யெல்லாம் என்னுடையது.

முதல் தொடக்கம்: மலைமேல் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தபோது கல்பனா

(பனி வேண்டாம். அதைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.)

2

கல்பனா ஆய்வாளர். மரவள்ளியின் மரபணுவில் ஓரிடத்தைத் திருத்திக் கிழங்கின் மாவுச்சத்தை மாற்றியிருக்கிறாள். அந்த மாவில் காய்ச்சிய கூழ் ஆறினாலும் நீர் விடாது. [இதற்கு மேல் விளக்கினால் கட்டுரையாகிவிடும்.] முனியனின் நிலத்தில் வேலி போட்டுச் சோதனை. அறுவடை முடிந்ததும் குச்சிகளை எரித்துவிட வேண்டும். ஒன்று வெளியே போனாலும் சோதனையை மூடிவிடுவார்கள். நாளை அதிகாரிகள் வருகிறார்கள்.

குச்சிக் கட்டு ஒன்றைக் காணோம்.

3

முனியனை முதலில் தந்திரக்காரராக எழுதினேன். அடித்துவிட்டேன். மனிதர் எதையும் மறைக்கவில்லை.

"சம்பந்தியம்மா கேட்டாங்க, குடுத்தேன். இன்னா இப்போ?"

ஒன்றும் வெளியே போகக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேனே என்றாள் கல்பனா. சம்பந்தி வெளியாளா என்று அவர் கேட்டார். திருப்பி வாங்கச் சொன்னாள்.

"குடுத்ததத் திருப்பிக் கேட்டா எம் பொண்ணு பொட்டியோட வூட்டுக்கு வந்துடுவா. நீங்க வெச்சிக் காப்பாத்துவீங்களா, மேடம்?"

4

கல்பனா போய்த் திருடுவதாக ஒரு முடிவு எழுதினேன். முதல் நாய் குரைத்ததும் அவள்

(கைவிட்டேன். அந்த ஊர் நாய்களோடு எனக்குப் பழக்கமில்லை.)

அதனால் பட்டப்பகலில் அவளே போனாள். சம்பந்தி அம்மாக்கண்ணு மழைக்காகக் காத்திருந்தாள், இன்னும் நடவில்லை. முனியன் பேரை எடுக்காமல், நடுவதற்குக் குச்சி வேண்டும் என்று கேட்டாள் கல்பனா.

"எவ்ளோ?"

"எல்லாமே."

அம்மாக்கண்ணு ஏற இறங்கப் பார்த்தாள். சோறு கொடுத்தால் குண்டானையே கேட்கிற ஆள் போலிருக்கிறதே என்றாள். ஆனால் மறுக்கவில்லை. குச்சிக் கட்டைத் தூக்கித் தன் தலையிலேயே வைத்துக்கொண்டாள்.

"எந்தக் கொல்லையில நடப்போற? வா, நானே நட்டுக் குடுத்துட்டு வர்றேன்."

5

இங்கே நின்றுவிட்டேன். எரிக்கப் போகிறேன் என்று கல்பனா சொன்னால், ஏன் என்ற கேள்வியில் முனியன் பேர் வந்துவிடும்; கொடுத்ததை நெருப்பில் போட்டதற்கு முனியனின் மகள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நடப்போகிறேன் என்றால் சோதனை போயிற்று. மூன்றாவது பதில் ஒன்று இருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. உங்களுக்காக இடம் விட்டிருக்கிறேன்:

கல்பனா சொன்னாள்: "

அம்மாக்கண்ணு முன்னால் நடக்கிறாள். சுமையோடும் வேகமாகத்தான் நடக்கிறாள். கொஞ்சம் சீக்கிரம் யோசியுங்கள்.